நாரி சாத்திரம்

வா மோனை, இரு. அந்தக் கதிரையிலை இராதை. அது மருமகள் வடிவுக்கு வாங்கினது, இருந்தால் எழுப்பிவிட ரெண்டு பேர் வேணும். இந்த வாங்கிலை இரு.

கொம்மாவை நேற்று லிஃப்றுக்குள்ளை கண்டனான். பெடியனுக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை கிடைச்சிட்டுது எண்டா. ஆருக்கு நாரி போகும், எப்ப போகும் எண்டு முன்கூட்டியே சொல்லுற வேலையாம். நான் நினைச்சன், உவன் வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் ஓலை வாசிக்கப் பழகிக்கொண்டு வந்திட்டான் எண்டு. அவையள் பாக்கிறது நாடி சாத்திரம், நீ பாக்கப்போறது நாரி சாத்திரம். ஓரெழுத்துத்தானே வித்தியாசம். சம்பளத்திலை என்ன வித்தியாசம் எண்டு நான் கேக்கேல்லை.

கோவிக்காதை, பகிடி. நாரி எண்டால் பண்டிதர்மாருக்குப் பெண். எங்களுக்கு அது இடுப்புக்குப் பின்னாலை குந்தியிருந்து சாகுமட்டும் வட்டி கேக்கிற கடன்காரன். உன்ரை புத்தகத்திலை 'கீழ் முதுகு' எண்டு போட்டிருக்கும். எண்பது வயசுக்கு எனக்குக் கீழ் முதுகு ஒருக்காலும் நொந்ததில்லை மோனை. நாரிதான் பிடிச்சது.

சரி, பெட்டியைத் திற. எப்பிடிச் சாத்திரம் பாக்கிறாய் எண்டு காட்டு பாப்பம்.

ஓகோ. அமெரிக்காவிலை நியோஷ் எண்ட தொழிற்சுகாதார நிறுவனம் 1981 இலை ஒரு கணக்குப் போட்டு, பிழை கண்டு 1991 இலை திருத்தினதோ. கணக்கு 23 கிலோவிலை தொடங்குது. எல்லாம் நல்லாய் வாய்ச்சாலும் ஒரு ஆள் அதுக்கு மேலை தூக்கிறது நல்லதில்லை எண்டு அர்த்தம். பேந்து ஆறு கிரகம். எங்கடை ஆக்கள் ஒன்பது வைச்சவை, வெள்ளைக்காரன் மூண்டைக் குறைச்சுப்போட்டான். ஆனால் உந்த ஆறிலை ஒரு குருபகவானும் இல்லைப் போலை கிடக்கு. ஒவ்வொண்டுக்கும் உச்சபலன் ஒண்டு. மிச்சமெல்லாம் ஒண்டுக்குக் கீழை. பெருக்கப் பெருக்க 23 தேயுமே தவிர வளராது. ஆறும் பிடுங்கிற கிரகம்.

உதிலை சனி ஆர் தெரியுமே? தூரம். சாமான் உடம்பிலை இருந்து எவ்வளவு தள்ளி நிக்குது எண்டது. 25 சதமமீற்றருக்குள்ளை இருந்தால் கை வைக்கமாட்டார். 50 சதமமீற்றர் தள்ளிப் பிடிச்சால் சரி பாதி. 23 எண்டது 11.5 ஆப் போயிடும். இதைக் கண்டுபிடிக்க எத்தினை பேர் எத்தினை ஆராய்ச்சிக்கூடம் கட்டிச்சினமோ. எங்கடை ஆச்சி கிணத்தடியிலை இருந்து குடத்தைக் கொண்டு வரேக்கை ஒருநாளாவது கையை நீட்டிக்கொண்டு வந்தவவே? இடுப்பிலை இடுக்கிக்கொண்டுதான் வந்தவ. பிள்ளையும் அங்கைதான், குடமும் அங்கைதான்.

அடுத்த கிரகம் உயரம். தரையிலை இருந்து 75 சதமமீற்றர், அதாவது கையைத் தொங்கவிட்டால் விரல் மொளி வாற இடம். அங்கை இருந்து எடுத்தால் நட்டமில்லை. தரையிலை இருந்து எடுத்தால் கால்வாசி மட்டிலை போகும். பேந்து ராகு, திரும்பல்: காலை அசைக்காமல் இடுப்பை மட்டும் 90 பாகை முறிச்சுத் திரும்பினால் கால்வாசிக்கும் கூடப் போகும். மிச்ச மூண்டும் சில்லறை எண்டு சொல்லமாட்டன்: எவ்வளவு உயரத்துக்கு ஏத்திறாய், நிமிசத்துக்கு எத்தினை தரம், பிடிக்கக் கைபிடி இருக்கோ.

எங்கை, ஒரு சாத்திரம் பார். எனக்கில்லை, என்ரை பலன் முடிஞ்சுது. கீழை இந்த மாடிவீட்டுக் கந்தோரிலை தண்ணிப் போத்தல் ஒண்டு நிக்குதே, 19 லீற்றர், போத்தலோடை 20 கிலோ எண்டு வை. தரையிலை கிடக்கிறதைத் தூக்கி, கொஞ்சம் திரும்பி, தலைகீழாக் கவிழ்த்து வைக்கவேணும். 40 சதமமீற்றர் தள்ளிப் பிடிக்கிறது, 45 பாகை திரும்பிறது, 60 சதமமீற்றர் மேலை ஏத்திறது, பிடி வழுக்கல். எல்லாத்தையும் போடு.

எவ்வளவு? 8 கிலோவும் இல்லையே! 20 ஐ அதாலை பிரிச்சால் ரெண்டரைக்கும் மேலை. ஒண்டுக்கு மேலை போனால் சிலருக்கு ஆபத்து, மூண்டுக்கு மேலை போனால் கனபேருக்கு ஆபத்து எண்டு நீதான் வாசிச்சாய். ஹெவ்லொக் டவுனிலை குளுகுளு அறைக்குள்ளை இருக்கிற கந்தோரிலை, ஒரு தண்ணிப் போத்தல் ரெண்டரைக்கும் மேலை. அதைத் தூக்கிறது மனேச்சர் இல்லை எண்டது உனக்கும் தெரியும்.

இப்ப கவனி. நீ உந்தக் கணக்கிலை தூக்கிற ஆளின்ரை பேர் போட்டனியே? வயசு, உயரம், அவன்ரை அப்பாவுக்கு நாரிப்பிடிப்பு இருந்ததோ? ஒண்டும் போடேல்லை. போடாமலே பலன் வந்திட்டுது. இதை மனசிலை வைச்சிரு, பிறகு வாறன்.

சீமெந்துப் பை 50 கிலோ. அரிசி மூட்டை 50, சீனி மூட்டை 50. ஆர் சொன்னது 50 எண்டு? எந்த வைத்தியரும் சொல்லேல்லை. நான் சின்னப்பெடியனா யாழ்ப்பாணத்து நீர்வேலியிலை இருக்கேக்கை வெங்காயத்தை அந்தர்க்கணக்கிலைதான் விக்கிறது. இப்பவும் ஊரிலை அந்தர் எண்டுதான் கதைக்கினம். அந்தர் எண்டது இங்கிலீசுக்காரன்ரை தராசு: 112 இறாத்தல், கிலோவிலை 50.8. கிலோ வந்தவுடனை எண்ணூறு கிராமை உதறிப்போட்டு அதே அந்தரைத்தான் சாக்கிலை கட்டினவை. மூட்டையின்ரை பாரத்தைத் தீர்மானிச்சது கணக்குப்பிள்ளையின்ரை வசதி. தூக்கிறவன்ரை நாரியை ஒருத்தரும் தராசிலை வைக்கேல்லை.

50 ஐ 23 ஆலை பிரி. ஆறு கிரகமும் வாயை மூடிக்கொண்டு நல்லவங்களா நிண்டாலும் 2.17. அந்தரைத் தூக்கினவன் அந்தரப்படுவான் எண்டதுக்குக் கணனி தேவையில்லை.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவிலை போய் நில்லு ஒருநாள். அங்கை மூட்டை சுமக்கிறவனை நாட்டாமி எண்டுதான் சிங்களவரும் சொல்லுவினம், தமிழரும் சொல்லுவினம், முஸ்லிம் முதலாளிமாரும் சொல்லுவினம். நாட்டாமை எண்ட சொல்தான் அது. தமிழ்நாட்டிலை நாட்டாமை ஆலமரத்துக்குக் கீழை இருந்து தீர்ப்புச் சொல்லுவார், சரத்குமார் படமும் நடிச்சார். கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்த நாட்டாமைக்குக் கிடைச்சது ஆலமரம் இல்லை, சீனி மூட்டை. ஒரு பட்டத்தை இப்பிடி நாரி முறியப் பண்ணின ஊர் வேறை இருக்குமோ தெரியாது.

அவன் லொறியிலை இருந்து முதுகுக்கு வாங்கிறான், பேந்து ஓடுறான். ஓடத்தான் வேணும், கூலி மூட்டைக்கு இவ்வளவு எண்டதாலை. நீ பெட்டியோடை போய் 'அண்ணை, மெதுவாத் தூக்குங்கோ, நிமிசத்துக்கு எத்தினை தரம் எண்டது ஒரு கிரகம்' எண்டு சொல்லிப் பார். என்ன கிரகம் எண்டு அவன் உனக்குச் சொல்லித்தருவான்.

உலகத்துத் தொழில் சபைக்காரர், ஐ.எல்.ஓ. எண்டு நீ சொல்லுறவை, 1967 இலை ஒரு பரிந்துரை செய்தவை: வளர்ந்த ஆம்பிளை சுமக்கக்கூடிய ஆகக்கூடின பாரம் 55 கிலோ. கேரளத்திலை சுமட்டுத்தொழிலாளி எண்டால் சங்கம், கொடி, வாக்குவாதம். அவையின்ரை சட்டத்திலையே 75 கிலோ எண்டு கிடந்ததை 2021 இலைதான் 55 ஆக் குறைச்சவை. பெண்களுக்கு 35. இவ்வளவு வாய் உள்ளவைக்கே இருபது கிலோ குறைக்க அவ்வளவு காலம் எடுத்திருக்கு. எங்கடை நாட்டாமிக்குக் கணக்குப் போட்டுப் பார்.

என்ரை கதையைக் கேக்கிறியே? கேக்காட்டிலும் சொல்லுவன், தேத்தண்ணி வரட்டும்.

நான் பதினைஞ்சு வயசிலை துலா மிதிக்கத் தொடங்கினனான். கிணத்துக்கு மேலை துலாவிலை முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கவேணும், கீழை அப்பு பட்டையைப் பிடிச்சுத் தண்ணி ஊத்துவார். எண்ணெய் மெசின் வருமட்டும் அதுதான். பேந்து புகையிலை, பேந்து வாழைக்குலை, வெங்காயச் சாக்கு. ஒருக்காலும் நாரி பிடிச்சதில்லை. பிடிச்சது எப்ப தெரியுமே? ஒருநாள் விடியக் காலமை முத்தத்திலை கிடந்த ஈழநாடு பேப்பரை எடுக்கக் குனிஞ்சன். குனிஞ்சவன் நிமிரேல்லை. மனுசி கோடாலித் தைலம் போட்டா, சித்தாலேப போட்டா, பரியாரியார் நொச்சி இலை அவிச்சு ஒத்தடம் குடுத்தார். பத்து நாள் வளைஞ்சபடி.

உன்ரை ஆக்கள் அண்டைக்கு வந்திருந்தால் என்ன எழுதுவினம்? 'விபத்துக்குக் காரணம்: செய்தித்தாள். பாரம்: 50 கிராம்.' விபத்துப் புத்தகம் எப்பவும் கடைசியா வந்தவனைத்தான் பிடிச்சு விலங்கு போடும். முப்பது வருசம் அந்தர் அந்தராய்த் திண்டவன் தப்பியிடுவான்.

விடியக் காலமை எண்டன் பார், அதிலை ஒரு விசயம் இருக்கு. ராத்திரிப் படுக்கேக்கை எலும்புகளுக்கு நடுவிலை இருக்கிற தட்டு தண்ணி குடிச்சு ஊதி நிக்கும். அதுதான் காலமை எல்லாரும் பொழுதுபட நிக்கிறதை விட ஒரு சதமமீற்றர் மட்டிலை உயரம். ஊதின தட்டோடை வளைஞ்சால் அதுக்கு வில்லங்கம் கூட. 1998 இலை ஸ்னூக் எண்டவர் நாரி நோக்காரரைக் காலமையிலை குனியாமல் இருக்கப் பழக்கிப் பார்த்தவர், நோ குறைஞ்சுது. எங்கடை மூட்டைக்காரருக்கு அந்த வழியில்லை: மரக்கறி மொத்த வியாபாரம் நடக்கிற மனிங் சந்தை 2020 இலை புறக்கோட்டையிலை இருந்து பேலியகொடைக்குப் போனது. இடம் மாறினாலும் மரக்கறி மூட்டை இறக்கிற நேரம் மாறேல்லை. ஊர் நித்திரையாலை எழும்ப முந்தித்தான்.

இப்ப நீ கேப்பாய், 'அப்பு, ஆளைப் படம் எடுத்துப் பார்த்தால் தெரியாதோ' எண்டு. கொம்பனி முதலாளிமாருக்கு ஆசைதான். நாரி பழுதானவனை வாசலிலையே திருப்பி அனுப்பலாமே. 1994 இலை அமெரிக்காவிலை நாரி நோ இல்லாத 98 பேரைக் காந்தப் படம் எடுத்துப் பார்த்தவை. தட்டு எல்லாம் சரியா இருந்தவை 36 வீதம். பாதிப்பேருக்கு மேலை ஏதோ ஒரு தட்டுப் பிதுங்கி நிண்டது. நோ ஒண்டும் இல்லை, ஆள் சிரிச்சுக்கொண்டு வீட்டை போனது. சாதகத்திலை செவ்வாய் தோசம் இருக்கு, பிள்ளை குட்டியோடை சந்தோசமாய்க் கிடக்குது. உதை வைச்சே ஆளை வேலைக்கு எடுப்பாய்?

அப்ப தாயத்துக் கட்டுவம் எண்டு வெளிக்கிட்டவை. நாரியிலை இறுக்கிற பட்டி. 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவிலை 160 கடையிலை 9,000 பேருக்கு மேலை பார்த்த ஆய்விலை, பட்டி கட்டினவனுக்கும் கட்டாதவனுக்கும் வித்தியாசம் தெரியேல்லை. பேந்து மந்திரம்: 'முழங்காலை மடி, முதுகை நிமிர்த்து' எண்டு வகுப்பு எடுக்கிறது. தபால்காரர் 4,000 பேருக்குக் கிட்ட வகுப்பு எடுத்து அஞ்சு வருசத்துக்கு மேலை பார்த்தவை, 1997 இலை வந்த முடிவு: நாரி போறது குறையேல்லை. உன்ரை கந்தோர்ச் சுவரிலையும் அந்தப் படம் ஒட்டியிருக்கும். ஒட்டினபடி கிடக்கட்டும், சுவர் வெடிப்பை மறைக்கும்.

அதுக்காகக் குனிஞ்சு தூக்கினாலும் ஒண்டுதான் எண்டு நினையாதை. 1999 இலை ஜேர்மனியிலை உல்ம் எண்ட ஊரிலை ஒரு ஆளின்ரை தட்டுக்குள்ளையே கருவியை இறக்கி அழுத்தத்தை அளந்தவை. நிக்கேக்கை இருந்ததை விட, முதுகை வளைச்சு 20 கிலோ தூக்கேக்கை நாலு மடங்குக்கும் கூட. உடம்போடை அணைச்சுப் பிடிச்சால் அதிலை பாதி. மந்திரத்திலை பிழையில்லை மோனை. தரையிலை கிடக்கிற அந்தரை முழங்காலுக்குள்ளை விட்டு அணைக்க ஏலாது, அது பருமன். மந்திரம் அங்கை முறியுது.

ஒகையோவிலை மாராஸ் எண்டவர் வேறை வழியாலை போனவர். ஆளின்ரை முதுகிலை வெளியெலும்பு மாதிரி ஒரு கருவியைப் பூட்டி, 400 வேலைக்கு மேலை போய்ப் பார்த்து, 1993 இலை சொன்னார்: எவ்வளவு பாரம் எண்டது மட்டும் போதாது, எவ்வளவு கெதியாய்த் திரும்பிறான், எவ்வளவு கெதியாய்ப் பக்கத்துக்குச் சரியிறான் எண்டதும் சேந்தால்தான் எந்த வேலை நாரியைத் திங்கும் எண்டு சொல்லலாம். எனக்கு உவரைப் பிடிக்கும். அவசரத்தை அளந்த மனுசன்.

இன்னும் ஒண்டு கிடக்கு, உன்ரை பெட்டிக்குள்ளை இல்லாதது. போயிங் விமானக் கொம்பனியிலை 3,000 பேருக்கு மேலை வருசக்கணக்கா விடாமல் பார்த்து 1991 இலை எழுதினவை. ஆர் நாரி நோ எண்டு வந்து நிக்கப்போறான் எண்டதுக்கு முதல் அடையாளம், முந்தி நாரி போயிருக்கிறது. முன்வினை. அது எனக்கும் தெரியும். அடுத்ததுதான் புதினம். தன்ரை வேலை அநேகமாய்ப் பிடிக்கேல்லை எண்டு சொன்னவன், பிடிச்சிருக்கு எண்டவனை விட ரெண்டரை மடங்கு. பாரம் தூக்கிற பலத்தை அளந்து பார்த்ததாலை அவ்வளவு பலன் வரேல்லை. மனப்பொருத்தம் பாக்காமல் மற்றப் பொருத்தமெல்லாம் பார்த்த கலியாணம் மாதிரி.

இதை உன்ரை முதலாளியிட்டைச் சொன்னால் கவனமாச் சொல்லு. 'அப்ப வேலை பிடிக்காதவனைக் கலை, முந்தி நாரி போனவனை எடாதை' எண்டுதான் அவருக்குக் கேக்கும். அதுக்குத்தான் நான் முதல் சொன்னதை மனசிலை வைக்கச் சொன்னனான். தண்ணிப் போத்தலுக்குப் பலன் சொல்லேக்கை ஆளின்ரை பேர் தேவைப்படேல்லை. உன்ரை படிவத்திலை முதல் கட்டம் பேர், ரெண்டாம் கட்டம் அடையாள அட்டை எண்டு கிடக்கு. ரெண்டையும் வெட்டு. முதல் கட்டத்திலை மூட்டை எவ்வளவு எண்டு கேள். ரெண்டாவதிலை எங்கை கிடக்கு எண்டு கேள். வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934 இலை இருந்து இந்த நாட்டிலை இருக்கு. விரல் போனவன் கையை நீட்டிக் காட்டுவான். நாரி போனவன் எதைக் காட்டுவான்? அவன் எழும்பி நிண்டே வாக்குமூலம் குடுக்க ஏலாமல் நிப்பான், நீ 'முந்தியே வருத்தக்காரன்' எண்டு எழுதுவாய்.

இந்த ஹெவ்லொக் சிற்றி மாடி நிக்கிற காணி முந்தி வெள்ளவத்தை நெசவாலை. 1933 இலை கொல்வின் ஆர். டி சில்வா முன்னுக்கு நிண்டு வேலைநிறுத்தம் நடந்த இடம். அப்ப அங்கை பஞ்சுப் பொதி இழுத்தவையின்ரை நாரி. இப்ப அதே நிலத்துக்கு மேலை கதிரையிலை இருக்கிறவையின்ரை நாரி. இவைக்கு மட்டும் சாய்மானக் கதிரை, உயரம் மாத்திற மேசை, உன்னைப்போலை ஒரு அதிகாரி. மேசைக்கு உயரம் மாத்தத் தெரிஞ்ச ஊருக்கு, மூட்டைக்கு உயரம் மாத்தத் தெரியேல்லை.

எங்கடை முன்னோருக்குத் தெரிஞ்சுது. யாழ்ப்பாணத்துத் தெருவோரத்திலை சுமைதாங்கி பார்த்திருப்பாய், வயித்துப் பிள்ளையோடை செத்த பெண்ணின்ரை நினைவா வைக்கிற கல். தலைச்சுமையோடை வாறவன் குனியாமல், இன்னொருத்தனைக் கூப்பிடாமல், சும்மா சாய்ச்சு இறக்கிற உயரம். திரும்பப் போகேக்கையும் குனியத் தேவையில்லை. உன்ரை நியோஷ் 1981 இலை சொன்ன உயரக் கிரகத்துக்கு எங்கடை ஆக்கள் எப்பவோ பரிகாரம் கட்டி வைச்சிருக்கினம். ஹெவ்லொக் வீதியிலை 120 ஆம் நம்பர் பஸ் போற வழி முழுக்கத் தேடு, வெள்ளவத்தைக் கடைகளுக்குப் பின்பக்கம் தேடு, கொட்டாஞ்சேனையிலை துறைமுகச் சாமான் இறங்கிற ஒழுங்கைகளிலை தேடு. ஒரு சுமைதாங்கி இல்லை. லொறித் தட்டு உயரத்துக்கு ஒரு மேடை கட்டினால் காணும், அதுவும் இல்லை.

2022 பங்குனி கடைசியிலை 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் லிஃப்ற் நிண்டுது, நினைவிருக்கே? காஸ் சிலிண்டர் ஒண்டைக் கண்டால் தெருவே கும்பிடும். உள்ளுக்கை காஸ் 12.5 கிலோ, இரும்போடை அதிலை ரெண்டு மடங்கு மட்டிலை. அதை ஏழாம் மாடிக்கு ஏத்தின டொக்டர்மார், எஞ்சினியர்மார், வங்கி மனேச்சர்மார் எல்லாருக்கும் ஒரு கிழமைக்கு நாரி எங்கை இருக்கெண்டு தெரிஞ்சுது. அந்த ஒரு மாசம் முழுக்கொழும்பும் நாட்டாமிதான். கரண்ட் வந்தவுடனை எல்லாரும் மறந்திட்டினம். நாட்டாமிக்கு மட்டும் இன்னும் லிஃப்ற் வரேல்லை.

தேத்தண்ணி ஆறுது, குடி. குடிச்சிட்டு உன்ரை முதலாளிக்கு ஒரு கடிதம் எழுது. சாத்திரம் பார்த்தாச்சு, தோசம் ஆளிலை இல்லை, பையிலை எண்டு எழுது. பரிகாரம் என்ன எண்டு கேட்டால், பையைப் பாதியாக்கச் சொல்லு. ஏலாது, உலகம் முழுக்க இதுதான் அளவு எண்டு சொல்லுவார். அப்ப இதையும் சேர்த்து எழுது: அந்தர்த் தராசை எங்கடை தலையிலை கட்டிவிட்ட இங்கிலாந்திலை, இப்ப கடையிலை விக்கிற சீமெந்துப் பை 25 கிலோ.